தாத்தாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஸ்ட்ரீமர்

தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமநிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் சமநிலத்தில் எங்கள் வீடு இல்லை. பட்டணத்தைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் சாலையின் அடியில், மூன்று பக்கமும் மலை மறைக்கும் பள்ளத்தில் இருக்கிறது. அதனால் வானொலி அலை எங்கள் வீட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். ஏரியல் கம்பியைச் சன்னலில் கட்டி, அதன் பக்கத்தில் யாராவது நின்றால் மின்னல் எஃப்.எம். கேட்கும். நகர்ந்தால் இரைச்சல்தான்.

தாத்தா வாழ்நாள் முழுவதும் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். 1986இல் ஈப்போவுக்கு இறங்கிப்போய் ஒரு சான்சுயி ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு கேசட் டெக்கும் வாங்கி வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்ததாக இன்றும் சொல்வார். ஆம்ப்ளிஃபயர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் இற்றுப்போய்விட்டது. இந்த மலையின் ஈரத்தில் கேசட்டுகளில் பூசணம் வேறு. எட்டு மாதமாகத் தாத்தாவின் அறையில் பாட்டு இல்லை. “பரவால்ல, காதும் சரியா கேக்கல” என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னணுப் பொறியியல் படிக்கிறேன். சென்ற செமஸ்டர் விடுமுறையில் பிரிஞ்சாங்கில் ஒரு ஸ்ட்ராபெர்ரி பண்ணையில் வேலை செய்து 1,900 ரிங்கிட் சேர்த்திருந்தேன். தொழிற்பயிற்சிக்குப் போகும்போது அறைக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த பணம் அது. அதில் ஒரு பகுதியை எடுத்து, தாத்தாவின் ஆம்ப்ளிஃபயருக்கு இணையத்திலிருந்து பாட்டு எடுத்துக் கொடுக்கும் கருவி ஒன்று வாங்குவது என் திட்டம். ஒரு வாரத்தில் அந்த ‘ஒரு பகுதி’ முழுப் பணமாக வீங்கிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால், இதேபோல் ஏதாவது வாங்க நினைக்கும் மற்ற மாணவர்களுக்கு உதவும்.

முதலில், வாங்க வேண்டியது இரண்டு வேலைகளைச் செய்யும் பொருள். ஒன்று ஸ்ட்ரீமர். இணையத்திலிருந்தோ யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தோ பாட்டை எண்களாக எடுத்து வருவது மட்டுமே அதன் வேலை. இன்னொன்று டிஜிட்டல்–அனலாக் மாற்றி. கடைக்காரர்கள் ‘டேக்’ என்பார்கள். அது அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறது. பல பெட்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கைப்பேசியும்கூட இரண்டையும் செய்யும் கருவிதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் நான் குழம்பினேன்.

ஈப்போவில் இருக்கும் என் மாமா இசைக் கருவிப் பித்து பிடித்தவர். 2,300 ரிங்கிட் மாற்றி ஒன்று வைத்திருக்கிறார். “எடுத்துட்டுப் போ மாப்ள, ஒரு வாரம் கேட்டுப் பாரு. அப்புறம் வேற எதையும் கேக்க மாட்ட” என்று கொடுத்தனுப்பினார். வீட்டில் மடிக்கணினியை அதில் சொருகி ஆம்ப்ளிஃபயரில் ஓடவிட்டேன். அதற்கு முன் 50 ரிங்கிட்கூடப் பெறாத ஒரு சிறிய யூ.எஸ்.பி.–சி இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்தேன். காதணிக் கருவியைக் கைப்பேசியில் சொருக உதவும் சின்ன வால் அது. அதற்குள்ளும் ஒரு மாற்றி இருக்கிறது. மாமாவின் பெட்டிக்கு மாறியதும் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது. தாளம் தெளிவு, குரல் கிட்டே. அன்றிரவே இணையக் கடையில் அதே வகையில் ஒன்றை, 1,850 ரிங்கிட்டுக்கு, கூடையில் போட்டுவிட்டேன்.

பணம் கட்டாமல் நிறுத்தியது என் விரிவுரையாளர் கேட்ட ஒரே ஒரு கேள்வி. பெருமையாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். “ஒலியளவைச் சமப்படுத்திவிட்டா கேட்டாய்?” என்று பதில் வந்தது.

இல்லை. மறுநாள் மல்டிமீட்டரை எடுத்து, 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் ஓடவிட்டு இரண்டின் வெளியீட்டையும் அளந்தேன். சின்ன இணைப்பு 1 வோல்ட்டை ஒட்டிக் கொடுத்தது. மாமாவின் பெட்டி 2 வோல்ட். சிடி பிளேயர் காலத்திலிருந்தே வீட்டு ஹைஃபை கருவிகள் பின்பற்றும் அளவு அது. இனி படிவம் நான்கு கூடுதல் கணிதம். 20ஐ மடக்கை 2ஆல் பெருக்குங்கள்: 6 டெசிபல். அதாவது மாமாவின் பெட்டி சத்தமாகப் பாடியது. இரண்டு ஒலிகளில் சற்றே சத்தமானது எதுவோ அதையே ‘தெளிவு’, ‘ஆழம்’ என்று நம் காது எடுத்துக்கொள்ளும். நான் கேட்ட நிமிர்வில் எவ்வளவு மாற்றியால் வந்தது, எவ்வளவு அந்த 6 டெசிபலால் வந்தது?

இதைக் கண்டுபிடிக்கக் குருட்டுச் சோதனை செய்யவேண்டும். மாமாவின் பெட்டியில் ஒலியளவுத் திருகு இருந்ததால், அதைக் குறைத்து இரண்டு வெளியீடும் ஒரே மின்னழுத்தம் காட்டும்படி வைத்தேன். வேறுபாடு 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் அது சுமார் 0.1 டெசிபல்தான். ஒன்றை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளையிலும் மற்றதை ‘டேப்’ துளையிலும் சொருகினேன். (மடிக்கணினியின் சார்ஜர் மாட்டியிருந்தபோது ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேபிள் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.) தங்கை நாணயம் சுண்டி, தலையா பூவா என்று பார்த்து, என் முதுகுக்குப் பின்னால் மாற்றுவாள். ஒவ்வொரு முறையும் அதே பாட்டின் அதே 20 வினாடி. எது ஓடுகிறது என்று நான் சொல்லவேண்டும். 12 முறை.

7 முறை சரியாகச் சொன்னேன். கெட்டிக்காரத்தனம் மாதிரித் தோன்றும். ஆனால் படிவம் ஐந்தில் படித்த ஈருறுப்புப் பரவலில் போட்டுப் பாருங்கள். கண்ணை மூடி ஊகித்தாலே 12இல் 7 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு 4,096இல் 1,586, அதாவது சுமார் 39 விழுக்காடு. 10 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லியிருந்தால் ஊகத்தால் அது நடக்கும் வாய்ப்பு 2 விழுக்காடுதான். அப்போது என் காதை நம்பியிருப்பேன். தங்கைக்கு 6 வந்தது. தாத்தா நான்காவது முறையோடு எழுந்துவிட்டார். “பாட்ட ஏண்டா பாதி பாதியா நிறுத்துற?”

இதை வைத்து எல்லா மாற்றிகளும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். மோசமானவை உண்டு, ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் அறையில், எங்கள் ஒலிபெருக்கியில், எங்கள் காதுக்கு 1,800 ரிங்கிட் வித்தியாசம் கேட்கவில்லை. அவ்வளவுதான் அந்தச் சோதனையின் அர்த்தம். எனக்கு அது போதும். கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. 1982இல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சிடியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே ஒலியை வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் எண்ணாக அளப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். 44,100 என்ற அந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். படத்தின் ஒரு கோட்டில் 3 அளவுகள், 245 கோடுகள், வினாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். ஓர் அலையை அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேலான வேகத்தில் அளந்தால் அந்த அலையை முழுமையாக மீட்கலாம் என்கிறது நைக்விஸ்ட்–ஷானன் தேற்றம். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். 44,100 அதற்குப் போதும். விளம்பரங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்கள். மாற்றியிலிருந்து வெளிவருவது படிக்கட்டு அல்ல. வடிகட்டி வழியாக வந்த வழவழப்பான அலைதான்.

16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. 24 பிட்டில் இது இன்னும் அதிகம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது உண்மையிலேயே பயன்படும். தகரக் கூரை வீட்டில் மதியம் 3 மணிக்கு கேமரன் மலை மழை பிடித்துக்கொண்டால் 24 பிட்டும் 16 பிட்டும் ஒன்றுதான். தாத்தா கேட்பது டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். அறுபதுகளில் ஒற்றைத் தடத்தில் பதிவான பாடல்களை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாகக் கொடுத்தாலும் அன்று ஒலிவாங்கி எடுக்காததை இன்று யாராலும் சேர்க்க முடியாது.

மாற்றியின் உள்ளே இருக்கும் சில்லின் பெயரைச் சொல்லி விற்பது இன்னொரு பழக்கம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. உயர்தர மாற்றிகள் பலவற்றில் அவர்கள் சில்லுதான் இருந்தது. கையிருப்பு தீர்ந்ததும் பல நிறுவனங்கள் வேறு நிறுவனச் சில்லைப் போட்டுப் புதிய மாடலாக விற்றன, வியாபாரம் நின்றுவிடவில்லை. சில்லைச் சுற்றியுள்ள மின்சுற்று ஒழுங்காக இருப்பதே முக்கியம் என்பார் என் விரிவுரையாளர்.

மாற்றிப் பிரச்சினை இப்படி முடிந்தது. ஸ்ட்ரீமர்தான் உண்மையான தலைவலி.

எங்கள் வீட்டுக்குக் கம்பி இணையம் இல்லை. சன்னல் ஓரத்தில் வைத்த மொபைல் ரவுட்டர். மாதம் 40 ஜிபி. அதில்தான் தங்கையின் பாடங்களும் அம்மாவின் வாட்சாப்பும். கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 320 கிலோபிட் வேகத்தில் வரும் பாட்டு மணிக்கு 144 எம்பி தின்னும். சிடி தரம் சுருக்காமல் 635 எம்பி. ஃப்ளாக் முறையில் தரம் குறையாமல் சுருக்கினால் அதில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுருக்காமல் மணிக்கு 4 ஜிபிக்கு மேல். எங்கள் 40 ஜிபி பத்து மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. தாத்தா ஒரு நாளைக்கே ஐந்து மணி நேரம் கேட்பவர். அதுவும் மழைநாளில் ரவுட்டரில் ஒரு கோடு இருந்தால் பெரிது. ஆகவே எங்களுக்கு வேண்டியது இணையம் இல்லாதபோதும் பாடும் கருவி. 64 ஜிபி யூ.எஸ்.பி. குச்சி ஒன்றில் சிடி தரப் பாடல்கள் சுருக்காமலே சுமார் 100 மணி நேரத்துக்கு அடங்கும். நேரலை வானொலிக்கு மட்டும் இணையம்.

அடுத்த கவலை ஆயுள். ஆம்ப்ளிஃபயர் 1986இலிருந்து இருக்கிறது. அதன் பின்பக்கத் துளையில் மின்னழுத்தம் வந்தால் போதும், அது எந்தக் காலத்துக் கருவியிலிருந்து வருகிறது என்று கேட்காது. ஸ்ட்ரீமர் அப்படி இல்லை. அது யாரோ ஒருவருடைய செயலியையும் சர்வரையும் நம்பி இருக்கிறது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது, 2019 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுவதும் பலருடைய கருவி ஒரே நாளில் மக்கர் செய்தது. சில நாளில் சரிசெய்தார்கள். கருவியில் பழுது எதுவும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதனால் நான் இப்படி யோசித்தேன்: நீண்ட நாள் வாழும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு செய்யலாம், சீக்கிரம் சாகும் ஸ்ட்ரீமரை மலிவாக, தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக வாங்கவேண்டும்.

மூன்றாவது விஷயம் எந்தக் கடைக்காரரும் கேட்காதது. ஐந்நூறு ரிங்கிட்டை ஒட்டி நல்ல சிறிய ஸ்ட்ரீமர்கள் கிடைக்கின்றன, மாற்றியும் உள்ளேயே. ஆனால் நான் பார்த்தவற்றை எல்லாம் கைப்பேசிச் செயலியில் இருந்துதான் இயக்கவேண்டும். தாத்தாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. நான் ஈப்போ திரும்பிய பிறகு யார் போட்டுக் கொடுப்பது? தங்கை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பாரா?

கடைசியில் வாங்கியது ராஸ்பெரி பை. மாணவர்கள் நிரலாக்கம் கற்பதற்காகக் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012இல் வெளிவந்த, உள்ளங்கை அளவுக் கணினி. பழைய பை 3 ஒன்று 120 ரிங்கிட். அதன்மேல் உட்காரும் மாற்றிப் பலகை 95. மின்சாரம், அட்டை, பெட்டி எல்லாம் சேர்த்து 80. ஆக 295 ரிங்கிட். பலகையில் இருப்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பி.சி.எம். 5122 சில்லு. வெளியீடு அதே 2 வோல்ட். மென்பொருள் மூட் ஆடியோ, இலவசம். முன்னே சொன்ன மோசமான மாற்றியும் இதே பையில்தான் இருந்தது. அதன் சொந்த 3.5 மி.மீ. துளை உண்மையான மாற்றியே அல்ல. துடிப்புகளை வடிகட்டி ஒலியாக்கும் ஒரு சிக்கன ஏற்பாடு. பலகை வரும்முன் அதில் கேட்டுப் பார்த்தோம். மெல்லிய இடங்களில் சீறல். அதே குருட்டுச் சோதனையில் தங்கை 12க்கு 12 சரியாகச் சொன்னாள். வித்தியாசம் இருந்தால் சோதனை அதைக் காட்டிவிடும்.

பையின் ஓரத்தில் இருக்கும் 40 ஊசிகளில் மூன்று பொத்தான்களைப் பற்றவைத்தேன். முதலாவது மின்னல் எஃப்.எம்., ஆர்.டி.எம். இணைய ஒலிபரப்பிலிருந்து. தாத்தாவுக்கு அது இன்னும் ‘ரேடியோ ஆறு’தான். இரண்டாவது யூ.எஸ்.பி. குச்சியில் உள்ள பாடல்கள். மூன்றாவது நிறுத்து. முப்பது வரி பைத்தான் நிரல். அதில் ஒரு பாதி என் தவறுகளைத் திருத்தியது. சிவப்புப் பொத்தானைத் தாத்தா முதலில் அமுக்கியபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. “பேசுறது கேக்குது, என்ன பேசுறான்னுதான் தெரியல” என்றார்.

அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் நான் அளந்துகொண்டிருந்தது தவறான இடத்தில் என்று. சத்தத்தைக் குறைவாக வைத்து, 1,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சைன் அலை போட்டேன். தங்கைக்கு 17,000 வரை. எனக்கு 16,000. அம்மாவுக்கு 12,000. தாத்தா 4,000 தாண்டியதும் “ஒண்ணுமில்ல” என்றார். ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. உயிரொலி கீழே. அதனால் பாட்டு மெட்டாகக் கேட்கிறது, செய்தி வார்த்தையாகக் கேட்பதில்லை. வயதும் காரணம், தேயிலை உருட்டும் இயந்திரங்களின் அருகில் கழிந்த வருடங்களும் காரணமாக இருக்கலாம். என் கைச் சோதனை மருத்துவச் சோதனை ஆகாது. அரசு மருத்துவமனையில் செவிப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.

அதுவரை ஆம்ப்ளிஃபயரின் ‘டிரெபிள்’ திருகை வலது பக்கம் நன்றாகத் திருகி, நாற்காலியை ஒலிபெருக்கிக்கு ஒன்றரை மீட்டர் அருகில் நகர்த்தினேன். செலவு ஒன்றுமில்லை. மாமாவின் 2,300 ரிங்கிட் பெட்டி தராத முன்னேற்றம் தாத்தாவுக்கு அந்த நாற்காலியால் கிடைத்தது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ஒரே ஒரு தொல்லை. இடி இடித்தால் தாத்தா ஓடிப்போய் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார். நாற்பது வருடப் பழக்கம், சரியான பழக்கமும்கூட. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பையின் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் அதன் நினைவக அட்டையில் எழுதியது கெட்டுப்போகலாம். இரண்டு முறை கெட்டது. அட்டையில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி அமைப்பை மாற்ற முயன்றுகொண்டிருக்கிறேன். இதற்கிடையில் அதே மென்பொருள் பதிந்த இன்னோர் அட்டையைச் சிறு உறையில் போட்டு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறேன். எப்படி மாற்றுவது என்று தங்கைக்குத் தெரியும். சென்ற வாரம் தொலைபேசியில் அவள் சொன்னாள்: “அண்ணே, தாத்தாவே மாத்திட்டாரு. திருப்பி வச்சுச் சொருகினாரு, அப்புறம் அவரே கண்டுபிடிச்சாரு.”